நாலு வாரக் கோர்ஸுக்கு ஜெர்மனி போறீங்களா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

வேலையை விடாம, ரெண்டு வாரமோ நாலு வாரமோ வெளிநாட்டுல ஒரு கோர்ஸ் படிச்சிட்டு வரலாம்னு இப்போ நிறைய பேர் யோசிக்கறாங்க. ஜெர்மன் மொழி படிக்கறவங்களுக்கு கோதே இன்ஸ்டிட்யூட் ஜெர்மனியிலேயே நடத்துற இன்டென்சிவ் கோர்ஸ் இருக்கு. பல யுனிவர்சிட்டிகள் சம்மர் ஸ்கூலும் நடத்துறாங்க. "மொத்தமா எவ்வளவு ஆகும்?"னு தான் கமென்ட்ல கேக்கறீங்க. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: விசா கிடைக்கலைன்னா இதுல எந்தப் பணம் திரும்ப வரும்?

கட்டுற வரிசை முக்கியம்

90 நாளுக்கு உட்பட்ட கோர்ஸுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா போதும். 2024 ஜூன்ல இருந்து கட்டணம் 90 யூரோ. அப்ளிகேஷன் சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுக்கப்பட்டா இந்தக் கட்டணம் திரும்ப வராது. இதை ரிஸ்க் பணம்னு எடுத்துக்கலாம், வேற வழியில்லை. ஆனா கோர்ஸ் ஃபீஸ், ஃப்ளைட், தங்குற இடம் மூணும் உங்க கன்ட்ரோல்ல இருக்கு. கோர்ஸ்ல சேரும்போதே "விசா மறுக்கப்பட்டா எவ்வளவு திருப்பித் தருவீங்க, எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்?"னு மெயில்ல கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கோங்க. ஃப்ளைட்டுக்கு விசா ஸ்டேஜ்ல ரிசர்வேஷன் காட்டினா போதும். ஆஃபர் போட்டிருக்கான்னு நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீங்க. ரூமையும் ஃப்ரீ கேன்சலேஷன் உள்ளதா பார்த்து போடுங்க.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடி வரைக்கும் அப்ளை பண்ணலாம், கடைசி எல்லை 15 நாள். சாதாரணமா 15 நாள்ல முடிவு வரும், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். கோடை சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டம். அதனால மூணு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிடுங்க. பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும், ஷெங்கனை விட்டுக் கிளம்புற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் செல்லுபடி ஆகணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். இதை இன்னைக்கே எடுத்துப் பார்த்துடுங்க.

பேங்க் ஸ்டேட்மென்ட்: இங்கதான் பலர் மாட்டறாங்க

கடைசி 3 மாச ஸ்டேட்மென்ட் கேப்பாங்க. அதுல சம்பளம் வருது, வாடகை போகுது, இ.எம்.ஐ. போகுது, மாசக் கடைசில 6,000 ரூபாய் நிக்குது. அப்ளை பண்ற வாரம் திடீர்னு 3 லட்சம் உள்ள வருது. ஃப்ரெண்டுகிட்ட கைமாத்து வாங்கிப் போட்ட பணம்னு பார்க்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். அப்பா காசு தர்றார்னா, அவர் பேர்லயே ஒரு ஸ்பான்சர் லெட்டர், அவரோட ஸ்டேட்மென்ட், உறவுக்கான ஆதாரம்னு நேர்மையா காட்டுங்க. உங்க பணம்னா, பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே தனியா ஒரு ஆர்.டி. போட்டு சேருங்க. சேர்த்த பாதையே ஸ்டேட்மென்ட்ல தெரியும்.

மாசச் சம்பளக்காரங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு. "இவர் திரும்பி வருவாரா?" என்பதுதான் விசா அதிகாரியோட முக்கியமான சந்தேகம். வேலைக்குத் திரும்புற தேதி போட்ட லீவு அனுமதிக் கடிதம், 3 மாச பே ஸ்லிப், ஐ.டி.ஆர். இது மூணும் அதுக்கு நல்ல பதில்.

இன்ஷூரன்ஸ் கட்டாயம். குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் கவரேஜ், ஷெங்கன் நாடுகள் முழுக்க, தங்குற நாள் மொத்தத்துக்கும் இருக்கணும். ஆபீஸ்ல கொடுத்த குரூப் மெடிக்ளெய்ம் பொதுவா இந்தியாவுக்குள்ள மட்டும்தான், அதை நம்பி இருக்காதீங்க.

லீவுக்கும் ஒரு விலை இருக்கு

கைக்கு 55,000 வர்றவர்னு வச்சுப்போம். நாலு வாரம்னா 20 வேலை நாள். கையில 15 நாள் இ.எல். இருந்தா மீதி 5 நாள் சம்பளம் இல்லா லீவு. சுமார் 9,000 ரூபாய் போச்சு. இதை யாரும் பட்ஜெட்ல எழுதறதே இல்லை! கோர்ஸ் வேலைக்கு சம்பந்தப்பட்டதா இருந்தா ஹெச்.ஆர்.கிட்ட லேர்னிங் பட்ஜெட் இருக்கான்னு கேளுங்க. ஆனா "இத்தனை மாசத்துக்குள்ள வேலையை விட்டா பணத்தைத் திருப்பிக் கட்டணும்"னு நிபந்தனை இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

கார்டா, ஃபாரெக்ஸ் கார்டா?

கணக்கு சுலபமா இருக்க 1 யூரோ = 100 ரூபாய்னு வச்சுக்கறேன். அங்க செலவுக்கு 1,200 யூரோ, அதாவது 1,20,000 ரூபாய். பல கிரெடிட் கார்டுகள்ல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம். அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தா 4.13%. மொத்தச் செலவையும் அந்தக் கார்டுல தேய்ச்சா 4,956 ரூபாய் சும்மா போகுது. ஃபாரெக்ஸ் கார்டுல அதே தொகையை லோடு பண்ணா மாத்துறதுக்கான ஜி.எஸ்.டி. 198 ரூபாய்தான். ஆனா அவங்க லாபம் ரேட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதனால கூகுள்ல வர்ற ரேட்டையும் அவங்க சொல்ற ரேட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மார்க்கப் இல்லாத கார்டு ஏற்கனவே கையில இருந்தா அதுவே போதும்.

அங்க கடையிலயோ ஏ.டி.எம்.லயோ "ரூபாயில கட்டறீங்களா, யூரோவுலயா?"னு மெஷின் கேக்கும். எப்பவும் யூரோ. ரூபாயை அமுக்கினா அவங்க இஷ்டத்துக்கு வச்ச ரேட்டுல மாறும்.

டி.சி.எஸ். பத்தி பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல்ல இருந்து, நிதியாண்டுல 10 லட்சத்துக்குள்ள அனுப்புற பணத்துக்கு அது கிடையாது. ஏஜென்சி மூலமா டூர் பேக்கேஜா வாங்கினா மட்டும் முதல் ரூபாய்ல இருந்தே பிடிப்பாங்க.

கிளம்பறதுக்கு முந்தின வாரம்

கார்டு ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணுங்க, புது கார்டுகள்ல அது ஆஃப்லதான் வரும். ஓ.டி.பி. வர்ற இந்திய சிம்ல ரோமிங்கை இங்கயே ஆக்டிவேட் பண்ணுங்க, டேட்டாவை ஆஃப்ல வைங்க. எஸ்.ஐ.பி., இ.எம்.ஐ. போற அக்கவுண்ட்ல ஒரு மாசத் தொகை தனியா நிக்கட்டும்.

ஜெர்மனில பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் எல்லாத்துக்கும் 'டாய்ச்லாந்து டிக்கெட்'னு ஒண்ணு இருக்கு. 2026 ஜனவரியில இருந்து மாசம் 63 யூரோ. வேகமான ஐ.சி.இ. ரயில்ல செல்லாது. இது காலண்டர் மாசக் கணக்கு. உங்க கோர்ஸ் ஜூலை 14-ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 8-ல முடிஞ்சா ரெண்டு மாசத்துக்குக் கட்டணும், 126 யூரோ! அதோட இது சந்தா. அந்த மாசம் 10-ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலைன்னா, நீங்க சென்னை வந்து சேர்ந்த பிறகும் அடுத்த மாசப் பணம் போகும். ஞாயித்துக்கிழமை போய் இறங்காதீங்க. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முதல் நாளே ஸ்டேஷன் கடையில ரெண்டு மடங்கு விலைக்கு பிரெட் வாங்க வேண்டி வரும்.

இதுக்குப் பர்சனல் லோன் எடுக்கலாமான்னு கேட்டா, என் பதில் வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம சேர்க்க முடியலைன்னா, கோர்ஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. இதே கோர்ஸ் அப்பவும் நடக்கும்.

திரும்பி வந்ததும் மிச்ச யூரோவை 180 நாளுக்குள்ள மாத்திடணும். 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டா கையில வச்சுக்க அனுமதி உண்டு. ஃபாரெக்ஸ் கார்டுல மிச்சம் இருந்தா அதை எடுத்துட்டு கார்டை மூடிடுங்க. சும்மா விட்டா பயன்படுத்தாததுக்கும் சார்ஜ் போடற கார்டுகள் இருக்கு.