நடுகல்லைப் படிப்போர்

தருமபுரி மாவட்டத்தின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. ஆநிரை மீட்கும் போரில் உயிர்நீத்த வீரனின் உருவத்தோடு, அவன் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் அவற்றுட் சிலவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மக்கள் இக்கற்களை வேடியப்பன் என வழிபடுகின்றனர். வழிபாடு கல்லைக் காக்கிறது; எனினும் மழையும் எண்ணெயும் எழுத்தைத் தேய்க்கின்றன. அவ்வெழுத்து மறையுமுன் படிப்பதற்குப் பயிற்சி பெற்றோர் தேவை.

முதுநிலைத் தொல்லியல் கல்வி அப்பயிற்சியை அளிக்கிறது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் பதியுமாறு தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவர். கருமையினிடையே எழுத்துகள் வெண்மையாகத் தோன்றும். இதுவே மைப்படி. அகழாய்வுக்கும் இத்தகைய பொறுமை வேண்டும். மண்ணடுக்கைக் குறிக்காது எடுத்த பொருளின் காலத்தைத் துணிவது அரிது. 2004 வரை தருமபுரி மாவட்டத்திலிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில், அகழாய்வு மாதிரியின் காலக்கணிப்பு தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைப் பொ.ஆ.மு. 2172 வரை கொண்டு சென்றது.

முதுநிலைப் பட்டம் பெற்றோர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொல்லியல் அலுவலர் தேர்வுக்கும், கல்லூரி ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வுக்கும் ஆயத்தமாகலாம். தேர்வுக்கு நூலறிவு உதவும்; பணிக்கோ, ஊர்தோறும் நடந்து கல்லின்முன் அமரும் பழக்கமே முதல் தகுதியாகும்.