பிரிட்டன் மன்னருக்கு எதற்கு கடற்படை 'ஏடிசி'? தோளில் தங்கக் கயிறு. அதிகாரம் யார் கையில்?

பிரிட்டன் அரச குடும்ப நிகழ்ச்சிகளை டிவியில் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். மன்னருக்குப் பின்னால் கடற்படைச் சீருடையில் சிலர் வருவார்கள். வலது தோளிலிருந்து மார்பு வரை தங்க நிறப் பின்னல் கயிறு தொங்கும். பார்த்தால் பாதுகாப்பு அதிகாரி மாதிரி தெரியும். ஆனால் இவர்கள் பாடிகார்டு கிடையாது. இவர்களில் கடற்படையின் தலைமை அதிகாரியே இருக்கலாம்.

இவர்களுக்குப் பெயர் 'ஏடிசி'. 'எய்ட்-டி-காம்ப்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். போர் முகாமில் தளபதிக்குக் கூடவே இருந்து உதவுபவர் என்று பொருள்.

எத்தனை வகை ஏடிசி?

முதலாவது, 'முதன்மை கடற்படை ஏடிசி'. வழக்கமாக பிரிட்டன் கடற்படையின் தலைமை அதிகாரியான 'ஃபர்ஸ்ட் சீ லார்ட்'தான் இந்தப் பட்டத்தை வைத்திருப்பார்.

இரண்டாவது, பணியில் இருக்கும் மூத்த கடற்படை அதிகாரிகள். இவர்கள் தங்கள் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டே, கௌரவமாக மன்னரின் ஏடிசி என்று அழைக்கப்படுவார்கள். பெயருக்குப் பின்னால் 'ஏடிசி' என்று போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, 'தனிப்பட்ட ஏடிசி'. இது பெரும்பாலும் அரச குடும்பத்தினருக்கானது. உதாரணம், இளவரசி ஆனின் கணவர் சர் டிம் லாரன்ஸ். கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்து 2010-ல் ஓய்வு பெற்றவர். 2004-ல் ராணி எலிசபெத்தின் தனிப்பட்ட ஏடிசி ஆனார்.

அப்போ மன்னருக்கு அன்றாடம் உதவி செய்வது யார்? அதற்கு 'ஈக்வெரி' என்று தனிப் பதவி இருக்கிறது. மன்னரின் பயணங்கள், சந்திப்புகளில் கூடவே இருந்து கவனிப்பவர் இவர்தான். டிம் லாரன்ஸும் 1986 முதல் 1989 வரை ராணியிடம் இந்த வேலையைப் பார்த்தவர்தான். அது உழைப்பு, ஏடிசி என்பது மரியாதை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்படி ஆரம்பித்தது?

1830-ல் மன்னரான நான்காம் வில்லியம் 13 வயதிலேயே கடற்படையில் சேர்ந்தவர். 'மாலுமி மன்னர்' என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். முதன்மை கடற்படை ஏடிசி பதவியை உருவாக்கியது அவர்தான்.

ஆனால் அதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவம்தான் இதில் முக்கியம். 1827-ல், இளவரசராக இருந்தபோது, அவருக்குக் கடற்படையின் உச்சப் பதவியான 'லார்ட் ஹை அட்மிரல்' கொடுக்கப்பட்டது. பெயருக்குத்தான் தலைவர் என்று மற்றவர்கள் நினைக்க, அவரோ நிஜமாகவே கட்டளையிட ஆரம்பித்தார். 1828-ல் யாரிடமும் சொல்லாமல் ஒரு கப்பல் படையைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். பல நாட்கள் அவர் எங்கே இருக்கிறார் என்றே அரசுக்குத் தெரியவில்லை. விளைவு, அதே ஆண்டு பதவியை விட்டு விலக வேண்டி வந்தது. அரச ரத்தமே ஆனாலும் அரசைக் கேட்காமல் கப்பலை நகர்த்த முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

மன்னருக்கு நெருக்கம் என்றால் பதவிக்குப் பாதுகாப்பா?

இல்லை. இதற்கு இளவரசர் லூயிஸ் பேட்டன்பர்க்கின் கதையே சாட்சி. ஜெர்மன் அரச குடும்பத்தைச் சேர்ந்த இவர், 14 வயதில் பிரிட்டன் கடற்படையில் சேர்ந்தார். விக்டோரியா ராணியின் பேத்தியை மணந்தார். ராணியின் தனிப்பட்ட கடற்படை ஏடிசியாகவும் இருந்தார்.

1901-ல் விக்டோரியாவின் இறுதி ஊர்வலத்தில், பீரங்கி வண்டியை இழுக்க வேண்டிய குதிரைகளின் கட்டு அறுந்துவிட்டது. மாலுமிகளை வைத்து இழுக்கலாம் என்று யோசனை சொன்னது லூயிஸ்தான் என்கிறார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2022-ல் ராணி எலிசபெத்தின் உடலை வைத்த வண்டியை இழுத்தது 142 கடற்படையினர்.

லூயிஸ் 1912-ல் ஃபர்ஸ்ட் சீ லார்ட் ஆனார். 1914-ல் ஜெர்மனியுடன் போர் வெடித்தது. 'ஜெர்மன்காரர் கையில் நம் கடற்படையா?' என்று பத்திரிகைகள் கொந்தளித்தன. 46 ஆண்டு சேவை, மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் ஆதரவு, அரச உறவு எதுவும் கைகொடுக்கவில்லை. அக்டோபரில் ராஜினாமா செய்தார். 1917-ல் குடும்பப் பெயரைக்கூட 'மவுண்ட்பேட்டன்' என்று மாற்ற வேண்டி வந்தது. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் இவரது மகன்தான்.

சரி, உத்தரவு யார் போடுவது?

பிரிட்டன் படைகளின் தலைவர் பெயரளவில் மன்னர். போர்க்கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் 'எச்எம்எஸ்' என்பதற்கே 'மன்னரின் கப்பல்' என்றுதான் அர்த்தம். ஆனால் கப்பல் எங்கே போக வேண்டும், யாரோடு மோத வேண்டும் என்பதை முடிவு செய்வது பிரதமரும் அமைச்சரவையும். பட்ஜெட் நாடாளுமன்றத்தின் கையில். ஃபர்ஸ்ட் சீ லார்டு, ஏடிசி என்ற முறையில் மன்னர் அருகில் நிற்பார். கடற்படைத் தலைவர் என்ற முறையில் அரசுக்குத்தான் பதில் சொல்வார்.

இந்தியாவிலும் உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வந்த வழக்கம் இது. ஆளுநருக்குப் பின்னால் சீருடையில் நிற்பவர் ஏடிசி. குடியரசுத் தலைவருக்கும் முப்படைகளில் இருந்து ஏடிசிகள் உண்டு. இவர்கள் முழுநேரமாக அந்த வேலையைச் செய்பவர்கள். இது தவிர, முப்படைத் தளபதிகளின் பதக்கப் பட்டியலுக்குக் கடைசியில் 'ஏடிசி' என்று வருவதைப் பார்த்திருக்கலாம். அது குடியரசுத் தலைவரின் கௌரவ ஏடிசி என்ற மரியாதை.

இங்கே மன்னர் இல்லை, அங்கே இருக்கிறார். ஆனால் இரண்டு நாட்டிலும் சீருடையில் இருப்பவர் சல்யூட் வைப்பது நாட்டின் தலைவருக்கு. உத்தரவு வருவது மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடமிருந்து.