கண்ணுக்குத் தெரியாத நண்பர்கள்



கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடனே நாம் முகஞ்சுளிக்கிறோம். ஆயினும் நம்முடைய குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து, உணவு செரிக்க உதவுகின்றன. வைட்டமின் 'கே' போன்ற சத்துக்களை உண்டாக்குகின்றன. தீய கிருமிகள் வேரூன்ற இடங்கொடாமல் தடுக்கின்றன. பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களே. இட்லி ஆவியில் வேகும்போது அவை மடிந்துபோகின்றன, தயிரிலோ உயிரோடிருக்கின்றன.

இவற்றின் வல்லமையை ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் நடைபெற்ற ஓர் ஆய்வு விளங்கச் செய்தது. டாக்டர் பினாகி பாணிக்கிரஹி குழுவினரின் இவ்வாய்வு 2017ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 4,556 பச்சிளங்குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியாவும், அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையும் 7 நாட்கள் வாய்வழியே கொடுக்கப்பட்டன. 60 நாட்கள் கவனித்தபோது, இதைப் பெறாதவர்களில் 9 சதவீதத்தினர் கடுந்தொற்றுக்கோ மரணத்திற்கோ உள்ளாயினர். பெற்றவர்களில் அது 5.4 சதவீதமாகக் குறைந்தது.

எனினும் தாய்மார்களே, கடையில் வாங்கிக் குழந்தைக்கு நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பாக்டீரியாக்களே ஆபத்தாகலாம் என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

கிருமிகளை எதிர்க்கும் பொருட்களும் இன்று கவனம் பெறுகின்றன. குறிப்பிட்ட செம்புக் கலவைகளின் பரப்பில் விழும் பாக்டீரியாக்களில் 99.9 சதவீதத்திற்கு மேற்பட்டவை 2 மணி நேரத்தில் அழிகின்றன என்பதை 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்து அங்கீகரித்தது. செம்பின் அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. ஆகவே மருத்துவமனைகளின் கதவுப்பிடிகளிலும் கட்டில் கம்பிகளிலும் செம்பு பயன்படலாயிற்று. நம் முன்னோரின் செப்புக்குடமும் இதே காரணத்தால் நன்மை பயத்தது. ஆனால் மோர், புளிக்கரைசல் ஆகியவற்றை ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் வைக்கலாகாது.

புதிய பொருட்களை நாடுவதற்குக் காரணம், பழைய மருந்துகள் வலுவிழந்து வருவதே. குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945லேயே எச்சரித்தார். அறிமுகமற்ற நகரத்தில், ஒருநாள் கூலி போய்விடுமே என்றஞ்சி, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரைகளைக் கேட்டு வாங்கி விழுங்குவோர் நம்மில் அநேகர். வைரஸினால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. குடலிலுள்ள நண்பர்களையே அது கொன்றுபோடும். பல ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாதென 2014 முதல் 'எச்1' பட்டியல் விதி அமலிலுள்ளது.

ஆகையால் மருத்துவர் எழுதினால் மட்டும் வாங்குங்கள். அவர் சொன்ன நாட்கள் முழுவதும் உட்கொள்ளுங்கள். மீந்ததை அண்டை வீட்டாருக்குக் கொடாதிருங்கள். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் கொதித்தாலோ, குளிர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.