சோமாசி பிரிவதேன்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

கிறிஸ்மஸ் என்றதும் நம் நினைவிற்கு வருபவை குடிலும் விண்மீனும் மட்டுமல்ல. அடுப்படியில் கமழும் பலகார மணமும்தான். எங்கள் நெல்லைப் பகுதியில் அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து ஆகியவற்றோடு தட்டில் இடம்பெறுவது சோமாசி. பிறை வடிவமும் உள்ளே இனிப்புப் பூரணமும் கொண்ட இதனைத் தின்பது எளிது. பிரியாமல் சுட்டெடுப்பது அரிது. இதனை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

எங்கள் வீட்டில் சோமாசி சுடுவது ஆச்சியின் வேலை. சென்ற ஆண்டு ஆச்சிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், அடுப்பருகே செல்லக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். "நான் சுடுகிறேன்" என்று முன்வந்தேன். ஆச்சி கட்டிலில் இருந்தபடி சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. எண்ணெயில் இட்டவற்றுள் பாதிக்கு மேல் வாய் பிளந்தன. பூரணம் கொட்டிக் கருகியது. தீபாவளிக்கு அதிரசம் தரும் எதிர்வீட்டிற்கும், ரம்சானுக்குப் பிரியாணி தரும் பக்கத்து வீட்டிற்கும் கடையில் வாங்கிய கேக்கையே கொண்டு சென்றோம். "ஆச்சி கைச் சோமாசி இல்லையா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டபோது என் கண்கள் கலங்கின. அன்றே, 'ஏன் பிரிந்தது?' என்று ஆராயத் தொடங்கினேன். ஆச்சி முறையைச் சொன்னார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியை காரணத்தை விளக்கினார்கள்.

தேவையான பொருள்கள்: மைதா கால் கிலோ, நெய் 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை 100 கிராம், சர்க்கரை 100 கிராம், தேங்காய்த் துருவல் அரைக் கிண்ணம், ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை, பொரிக்க எண்ணெய்.

முதலில் பூரணம். தேங்காய்த் துருவலை ஈரம் போகும்வரை வெறும் வாணலியில் வறுத்து ஆறவிட வேண்டும். ஈரம் இருந்தால் அது எண்ணெய்ச் சூட்டில் நீராவியாகி, வெளியேற வழி தேடி ஓரத்தைப் பிளந்துவிடும். என் முதல் பிழை இதுவே. பொட்டுக்கடலை, சர்க்கரை, ஏலக்காய் மூன்றையும் பொடித்து, வறுத்த தேங்காயுடன் கலக்கவும்.

அடுத்து மாவு. மைதாவில் உப்பையும் உருக்கிய நெய்யையும் விட்டுப் பிசறிய பின், சிறிது சிறிதாக நீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். மைதாவில் உள்ள புரதம் நீருடன் சேரும்போது குளூட்டன் என்னும் ரப்பர் போன்ற பொருள் உண்டாகிறது. நெய் மாவைச் சுற்றிப் படிந்து அதனை ஓரளவு தடுப்பதால்தான் சோமாசி மொறுமொறுப்பாகிறது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தால் அதன் விறைப்புத் தளரும். தேய்த்த வட்டமும் சுருங்காது. நான் பொறுமையின்றி உடனே தேய்த்தேன். அது இரண்டாம் பிழை.

பூரிக்குத் தேய்ப்பதைவிட மெல்லியதாகத் தேய்த்து, நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் மட்டும் வைக்கவும். ஓரத்தில் பூரணத் தூள் ஒட்டியிருந்தால் மாவோடு மாவு சேராது. ஓரத்தில் நீர் தடவி, மடித்து, அழுத்தி, சோமாசிக் கரண்டியின் சக்கரத்தால் வெட்டவும். செய்தவற்றை ஈரத்துணியால் மூடி வைக்கவும். காய்ந்தால் வெடிப்பு விழும்.

எண்ணெய் காய்ந்ததும் தீயை மிதமாக்கி, நான்கைந்தாக இடவும். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே வேகாது. குறைந்தால் எண்ணெய் குடிக்கும். சோமாசியைச் சுற்றி எழும் குமிழிகள் மாவிலுள்ள நீர் ஆவியாவதன் அடையாளம். அவை அடங்கி, சோமாசி பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். நன்றாக ஆறிய பின்னரே டப்பாவில் மூட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே பொரியுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

இப்பலகாரத்திற்கு உறவுகள் பல. மராட்டியத்தில் இது கரஞ்சி, தீபாவளிக்குச் செய்வர். வடநாட்டில் ஹோலிக்குக் குஜியா. கோவாவில் நெவ்ரி என்ற பெயரில் இந்துக்கள் விநாயகர் சதுர்த்திக்கும், கிறிஸ்தவர்கள் கிறிஸ்மஸிற்கும் செய்கின்றனர். பூரணம் மாறினாலும் மடிப்பு ஒன்றே!

இவ்வாண்டு நான் சுட்டவற்றுள் இரண்டு மட்டுமே பிரிந்தன. ஆச்சி ஒன்றைக் கையில் எடுத்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "ஓரம் நல்லா ஒட்டியிருக்கு. கொண்டுபோய்க் குடு" என்றார்கள். தட்டுகளுடன் இரு வீட்டிற்கும் ஓடினேன்.

தோழியரே, வரும் கிறிஸ்மஸிற்கு நீங்களும் சுட்டுப் பாருங்கள். அதற்கு முன், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைச் சற்றே காதில் வாங்கிக்கொள்ளுங்கள்!