துறைமுகத்திலிருந்து தோட்டம் வரை: சரக்குகள் தேங்காமல் செல்வது எப்படி?

ரப்பர் மரங்களுக்கு நாம் இடும் பொட்டாஷ் உரம் நம் நாட்டு மண்ணில் கிடைப்பதன்று. கடல் கடந்து வருவது. கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் வேலை முடிந்துவிட்டதென எண்ணிவிடலாகாது. அங்கிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் தூரம் குறைவே எனினும், காலமும் பணமும் வீணாவதற்கு அங்கேதான் வாய்ப்பு மிகுதி. உரம் தாமதமாக வந்தால் இடவேண்டிய பருவம் தவறிவிடும்.

இது பழைய பிரச்சினையே. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைக்கப்பட்டது, சுரங்கத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதற்காகத்தான். 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், 1972-ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

முற்காலத்தில் சரக்குகள் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றப்பட்டன. இடம் மாறும்தோறும் ஆட்கூலி, சேதம், திருட்டு ஆகியவை பெருகின. 1956-ஆம் ஆண்டில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 58 உலோகப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிப் புதுவழி காட்டினார். கொள்கலன் எனப்படும் இப்பெட்டி, திறக்கப்படாமலே கப்பலிலிருந்து இரயிலுக்கோ லாரிக்கோ மாறுகிறது. கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1973-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

இதன் பயனை ரப்பரைக் கொண்டே விளக்கலாம். தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் 1965-ஆம் ஆண்டில் தொடங்கியது. மூன்று பொதிகள் சேர்ந்தால் 100 கிலோ. 36 பொதிகள் கொண்ட ஓர் அடுக்கு 1,200 கிலோ. 20 அடிக் கொள்கலனில் 16 அடுக்குகளை வைத்தால் 19,200 கிலோ ஆகிறது. 576 பொதிகளையும் வழிநெடுகத் தனித்தனியே தூக்க வேண்டிய தேவை இல்லை.

ஆயினும், பெட்டி மட்டும் போதாது. மூன்று செயல்கள் ஒழுங்காக நடைபெற வேண்டும்.

முதலாவது, சுங்கச் சோதனை. எல்லாப் பெட்டிகளும் கடற்கரையிலேயே காத்திருந்தால் துறைமுகம் அடைபட்டுவிடும். எனவேதான் உள்நாட்டுத் துறைமுகங்கள் தோன்றின. 1989-ஆம் ஆண்டில் ஈப்போவில் அமைந்த சரக்கு முனையம் இவ்வகையைச் சேர்ந்தது. முத்திரையிட்ட பெட்டி அங்கு வந்தபின் சுங்க வேலைகளை முடித்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது, ஏற்ற வாகனத்தைத் தேர்ந்தெடுப்பது. லாரி வாசல் வரை வரும். ஆனால் ஓரிரு பெட்டிகளையே சுமக்கும். இரயில் ஒரே முறையில் பல பெட்டிகளை இழுக்கும். ஆனால் நிலையத்தில் மீண்டும் லாரிக்கு மாற்ற வேண்டும். இம்மாற்றத்திற்கும் செலவு உண்டு. ஆகவே தூரம் நீண்டும் சரக்கு மிகுந்தும் இருந்தால் இரயில் இலாபம்; குறுகிய தூரத்திற்கு லாரியே ஏற்றது.

மூன்றாவது, திரும்பும் பயணம். இறக்குமதிச் சரக்கைக் கொண்டுவந்த பெட்டி வெறுமையாகத் திரும்பினால், அச்செலவும் யாரோ ஒருவர் தலையில் விழும். சுத்தமாகவும் ஈரமின்றியும் உள்ள பெட்டியில் ரப்பரை ஏற்றி அனுப்பினால் இருவழிப் பயணமும் பயன்படும்.

இதில் நமக்கு என்ன அக்கறை எனக் கேட்கலாம். ரப்பரின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. போக்குவரத்துச் செலவு கூடிவிட்டதென நாம் விலையைக் கூட்டிக் கேட்க இயலாது. வழியில் வீணாகும் ஒவ்வொரு வெள்ளியும், தோட்டத்திற்கு மிஞ்சும் தொகையில் ஒரு வெள்ளியைக் குறைக்கிறது. அரிசிக்கும் மாவுக்கும் கூடும் செலவோ நம் வீட்டு அடுப்படியை வந்தடைகிறது.

ஆகவே, லாரி வருமுன் பொதிகளை ஆயத்தமாக வைப்பதும், எடையைச் சரியாகக் குறிப்பதும், அளவுக்கு மீறி ஏற்றாதிருப்பதும் சிறு காரியங்கள் அல்ல. துறைமுகத்துப் பாரந்தூக்கியை இயக்குபவரும், இரயிலை ஓட்டுபவரும், தொழிற்சாலையில் பொதி அடுக்கும் நம் தோழரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி தளர்ந்தால் சங்கிலி முழுதும் தளரும் என்பதை நாம் மனத்திற்கொள்வோமாக.