சிறுவர் உணவும் சிக்கனமும்

பாடசாலைகளிலே காலைக் கூட்டம் நடைபெறும் வேளையில், வரிசையில் நிற்கும் பிள்ளைகளுள் ஒன்று முகம் வெளிறித் தள்ளாடி விழுவது ஆசிரியர்களுக்குப் புதிய காட்சியன்று. நீர் தெளித்து நிழலில் இருத்தி விசாரித்தால், அப்பிள்ளை காலையில் வெறுந் தேநீர் அருந்திவிட்டு வந்ததென்றோ, தேநீரில் இரண்டு பிஸ்கற்றுத் தோய்த்து உண்டு வந்ததென்றோ தெரியவரும். பெற்றோரிடம் கேட்டால், விலைவாசியைக் காட்டுவார்கள். அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த வேகம் பின்னர் தணிந்ததாயினும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கி வரவில்லை.

இவ்வாறு கை சுருங்கும்போது ஒரு குடும்பம் உணவில் எதனை முதலிற் குறைக்கின்றது என்பதே கவனிக்கத்தக்கது. முதலில் மீனும் முட்டையும் நிற்கின்றன. அடுத்துப் பால் நிற்கின்றது. பின்னர்ப் பருப்பு மெலிந்து நீராகின்றது. ஈற்றில் எஞ்சுவன சோறும் பாணும் தேங்காய்ச் சம்பலுமே. வயிறு நிறைகின்றது, ஆனால் வளரும் உடம்பு பசித்திருக்கின்றது. நன்றாக உண்ணும் பிள்ளை ஏன் மெலிந்திருக்கின்றது, ஏன் அடிக்கடி தடிமன் காய்ச்சலில் விழுகின்றது என்று தாய்மார் வியப்பதற்குக் காரணம் இதுவே. இந்நிலைக்குப் பரிகாரம் விலையுயர்ந்த தகரப் பேணிகளில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையிலே அதன் பெரும்பகுதி, தானியத்தோடு பருப்பையும் இலையையும் சிறு மீனையும் சேர்க்கும் முறையிலும், காசு கொடுத்து வாங்கிய சத்தை அடுக்களையிலே வீணாக்காமற் காக்கும் முறையிலுமே தங்கியிருக்கின்றது.

முதலிலே சோற்றை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்த மருத்துவராகிய கிறிஸ்தியான் எயிக்மன், 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே யாவாத் தீவில் ஆராய்ச்சி செய்தபோது, தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டதும் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மருமம் இவ்வாறே துலங்கத் தொடங்கிற்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டிலே இருந்த அப்பொருளையே இன்று தயமின் அல்லது விற்றமின் பி1 என்கின்றோம். நெல்லை அவித்துக் குற்றும் நம் வழக்கத்தின் சிறப்பு இங்கே விளங்கும். அவிக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே ஊறிச் செல்வதால், பின்னர் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. ஆகவே அளவாகத் தீட்டிய சிவப்புப் புழுங்கலரிசியே பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆயினும் அதனை வாங்கிவந்து, நாலைந்து நீர் விட்டுக் கசக்கிக் கழுவி, வடித்த கஞ்சியையும் வாய்க்காலிற் கொட்டுவோர் பலர். கல்லும் தூசும் போகுமளவுக்கு ஒருமுறை இருமுறை அலசினாற் போதும். வடித்த கஞ்சியிலே சிறிது உப்பும் தேங்காய்ப் பாலும் கலந்து பிள்ளைக்குக் கொடுத்த பாட்டிமார் விற்றமின் என்ற சொல்லை அறியார். செய்தது சரியான காரியம்.

அரிசி தனித்து நின்றால் அதன் புரதம் குறையுடையது. இலைசின் என்னும் அமினோவமிலம் அதிலே போதாது. பயறு, உழுந்து, கௌபி, கடலை முதலியவற்றில் இலைசின் நிறைய உண்டு. ஆனால் மெதியோனின் என்னும் வேறோர் அமினோவமிலம் குறைவு. அஃது அரிசியிலே இருக்கின்றது. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசை, பயறு கலந்த பொங்கல், சோறும் பருப்பும் என்று நம் முன்னோர் வகுத்த இணைகளெல்லாம் இவ்விதியில் அமைந்தவை. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு வகை என்பது நல்ல அளவு. கறிச்சட்டியிலே நீரே பெருகி, அடியில் பருப்பு நாலு மணி கிடந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. மேலும் மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவது. அந்நியச் செலாவணி ஆடும்போதெல்லாம் அதன் விலையும் ஆடும். வன்னிப் பக்கத்திலே விளையும் பயறும் கௌபியும் உழுந்தும் அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல. இவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தால் விரைவில் அவிந்து விறகும் எரிவாயுவும் மிஞ்சும். ஈரத்துணியிற் கட்டி முளைக்க விட்டால் உலர்ந்த பயற்றில் இல்லாத விற்றமின் சீயும் தோன்றும்.

சிறு குழந்தைகளின் உணவு தனியே கூறப்பட வேண்டியது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும். அதற்குமேல் அதனோடு வேறு உணவும் வேண்டும். இக்காலத்துக்கென்றே நம் வீடுகளில் அமைந்தது சத்துமா. சிவப்பரிசி, குரக்கன், பயறு, உழுந்து, சிறிதளவு கச்சான், கிடைத்தாற் சோயா என்பவற்றை வெவ்வேறாக வறுத்துத் திரித்து அரித்து, ஈரம் படாத பேணியில் அடைத்து வைத்தாற் பல நாள்களுக்கு உதவும். அரசாங்கம் 1973ஆம் ஆண்டிலே தொடங்கிய திரிபோஷ திட்டத்தின் அடிப்படையும், சோளத்தையும் சோயாவையும் பால்மாவையும் சேர்க்கும் இதே இணைப்புத்தான். வீட்டிற் செய்வோர் இரண்டொன்றைக் கவனித்தல் வேண்டும். சோயாவை நன்றாக வறுக்காவிட்டால் அது புரதச் சமிபாட்டைத் தடுக்கும். கச்சானிலோ சோளத்திலோ பூஞ்சணம் கண்டால், காசு போகின்றதே என்று நோக்காமல் எறிந்துவிட வேண்டும். அப்பூஞ்சணம் விடும் நஞ்சு ஈரலைத் தாக்குவது, வறுத்தாலும் முற்றாக அழியாதது.

சத்துமாவைக் காய்ச்சும் முறையிலும் ஒரு தவறு நேர்கின்றது. குழந்தை விழுங்கட்டும் என்று நீரைப் பெருக்கி, துணியிலே வடியுமளவுக்கு இளக்கி ஊட்டுகின்றனர். குழந்தையின் இரைப்பை சிறிது. நாலு கரண்டி நீரிலேயே அது நிறைந்துவிடும். உள்ளே போன மாவோ ஒரு சிட்டிகை. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதமே தக்கது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப் பாலோ சேர்த்தால் பருமன் கூடாமலே சக்தி கூடும். குரக்கனையும் பயற்றையும் முளைக்க விட்டு உலர்த்தி வறுத்து மாவாக்கினால், அம்மா கூடுதலாக இட்டாலும் களி இறுகாமல் இளகி நிற்கும். இது பழைய கைமுறை. இன்றைய ஆராய்ச்சியாளரும் ஏற்றுக்கொண்டது.

பால்மாவுக்குப் பதிலாக எதனைக் கொடுப்பது என்பது அடிக்கடி எழும் வினா. 100 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. 100 கிராம் குரக்கனிலே 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. இக்கணக்கைக் கண்டு குரக்கன் பாலையும் வென்றது என்று பறைசாற்றுவோர் உளர். அது மிகைக் கூற்று. குரக்கனிலுள்ள பைற்றேற்று என்னும் பொருள் அந்தக் கல்சியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஊறவைத்தலும் முளைக்கச் செய்தலும் புளிக்க வைத்தலும் அப்பிடியைத் தளர்த்தும். வீட்டிலே பசுவோ ஆடோ இருந்தால் அதன் பாலை விற்றுப் பால்மா வாங்குவது பேதைமை. ஒன்றுமில்லாத வீட்டுக்கு, குரக்கன் பிட்டும் இலைக்கறியும் முள்ளோடு உண்ணும் சிறு மீனும் சேர்ந்து பெருமளவு ஈடு செய்யும்.

இலைவகைகளைப் பற்றி எவ்வளவு கூறினாலும் தகும். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை, பசளி என வேலியிலும் கிணற்றடியிலும் கிடைப்பனவற்றுக்கு விலையே இல்லை. விலையில்லாமையாற் போலும் மதிப்பும் இல்லை. விருந்தினர் வந்தால் முருங்கையிலை வறையை மறைத்துவிட்டுத் தகர மீனைத் திறக்கும் வீடுகளும் உள்ளன. இவ்விலைகளில் உடம்பினுள் விற்றமின் ஏயாக மாறும் கரோற்றின் மிகுந்திருக்கின்றது. கண்ணொளிக்கும் நோயெதிர்ப்புக்கும் அது வேண்டும். கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடம்பு அதனை நன்கு ஏற்பதில்லை. வறையிலே தேங்காய்ப்பூ இடுவது சுவைக்காக மட்டுமன்று. இலையை முதலிற் கழுவிப் பின்னர் அரிய வேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்தும் நீரோடு செல்லும். குறைந்த நீரில், குறைந்த நேரம் வேகவைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட வேண்டும். கொதிக்கும்போதே விட்டாற் புளிப்பு நிற்கும், விற்றமின் சீ நில்லாது. பச்சை இலையின் இரும்பு தானே எளிதில் உடம்பிற் சேர்வதன்று. தேசிப்புளியும், அதே வேளையில் உண்ணும் மீனும் அதனைச் சேரச் செய்யும்.

பிள்ளைகள் கைப்பென்று ஒதுக்கினால் அதட்டிப் பயனில்லை. முருங்கையிலையை நுணுக அரிந்து ரொட்டி மாவிலோ, உழுந்து வடையிலோ, முட்டைப் பொரியலிலோ கலந்தாற் கேள்வியின்றி உண்பார்கள். வல்லாரையைச் சம்பலாக அரைப்பதும், இலைச்சாறு விட்ட அரிசிக் கஞ்சியைச் சிறிது சர்க்கரை கடித்துக்கொண்டு குடிக்க வைப்பதும் பழகிய உபாயங்களே.

இத்தனையும் செய்துவிட்டு, உண்ட கையோடு ஒரு குவளை தேநீரைப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள், கூட்டிய கணக்கைத் தாமே அழிக்கின்றார்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சிறு பிள்ளைக்குத் தேநீர் வேண்டியதேயில்லை. பெரியவர்களும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அருந்தலாம்.

மீனிலே அறுக்குளாவும் பாரையும் மதிப்புப் பெற்றவை. சத்தைப் பொறுத்தவரை சூடையும் நெத்தலியும் கீரியும் அவற்றுக்குக் குறைந்தனவல்ல. முள்ளோடு மென்று தின்னத்தக்கன என்பதாற் கல்சியத்தில் மேலானவை. புளி கூட்டிச் சிறு நெருப்பிலே நெடுநேரம் வற்றவைத்தால் முள் மெதுவாகும். நெத்தலிக் கருவாட்டை நீரில் ஊறவிட்டு உப்பைக் களைந்து, உலர்த்தி வறுத்து இடித்துப் பொடியாக வைத்தால், மீன் கிடையாத நாளிலே பிள்ளையின் சோற்றிற் பிசைய உதவும்.

மூன்று பிள்ளைகளுள்ள ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டிலே ஒரு நாளுணவு எவ்வாறு அமையலாம்? காலையிலே அரிசிமாவும் குரக்கன்மாவும் கலந்த பிட்டும் அவித்த பயறும், தோட்டத்துப் பப்பாசிப்பழத்தில் ஒரு கீற்றும். பாடசாலை இடைவேளைக்கு ஒரு சுண்டு கௌபியை அவித்து மூவருக்கும் பங்கிட்டது. பகலிலே சிவப்பரிசிச் சோறு, பருப்பு, இலைவறை, சூடைமீன் குழம்பு. மாலையிலே இலைக்கஞ்சி, தை மாசியிலே அவித்த பனங்கிழங்கு. இரவிலே தோசையும் சம்பலும். இவற்றுள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் பெரும்பாலும் பருப்பு ஒன்றே, அதற்கும் மாற்றுண்டு. பாணோ, கோதுமை நம் நாட்டில் விளையாததால், முழுவதும் கப்பலை எதிர்பார்ப்பது. தோசைக்கு உழுந்து அரைக்க முதல்நாளே நினைக்க வேண்டும், பிட்டவிக்க விடியுமுன் எழும்ப வேண்டும் என்பது மெய்தான். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ தாயும் வேலைக்குச் செல்லும் வீட்டில், காசைவிட நேரமே அருமை. அங்கே தகப்பன் தேங்காய் துருவுவதையும் மூத்த மகன் இலை உருவுவதையும் இழிவென்று கருதலாகாது.

பழமை யாவும் நன்றென்று கொள்வதும் பொருந்தாது. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு மீன், முட்டை, பருப்பெல்லாம் நிறுத்தி வெறும் பார்லித் தண்ணீரோடு கிடத்தும் வழக்கம் தீங்கானது. அப்பொழுதுதான் நீரோடு உணவும் சிறிது சிறிதாகத் தொடர வேண்டும். மற்றொரு வழக்கம் இன்னும் ஆழமானது. சட்டியிலுள்ள மீன்துண்டு முதலில் தகப்பனின் கோப்பைக்கும், அடுத்து ஆண்பிள்ளைகளின் கோப்பைக்கும் போகின்றது. தாயும் மூத்த பெண்ணும் கடைசியில் அமர்ந்து, அடிச் சோற்றைக் குழம்பிலே பிரட்டி உண்கின்றனர். பருவமடைந்த பெண்ணுக்கே இரும்புச் சத்து மிகுதியாக வேண்டியிருக்க, வீட்டிலே அது மிகக் குறைவாகக் கிடைப்பவளும் அவளே. வகுப்பிலே சோர்ந்திருக்கும் அவளைச் சோம்பேறி என்று கடியும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. அகப்பையைக் கையிற் பிடித்திருக்கும் தாய், பங்கிடும்போது தன்னையும் மகளையும் எண்ணிக்கையிற் சேர்த்துக்கொண்டால், புதிதாக ஒரு சதமேனும் செலவில்லை.

பாடசாலை வாயிலிலே விற்கும் பொரியற் பொதிகளுக்கும் நிறந்தோய்ந்த குளிர்பானங்களுக்கும் நாள்தோறும் கொடுக்கும் சில்லறையை, ஒரு மாதம் வரை பேணியொன்றில் இட்டு எண்ணிப் பார்க்கலாம். எத்தனை கிலோப் பயறு அதில் அடங்கியிருந்தது என்பது அப்பொழுது தெரியவரும்.

முருங்கை இல்லாத வளவுகளில், மாரி தொடங்கும் ஐப்பசியிலே முற்றிய தடியொன்றை நீர் தேங்காத மேட்டில் நட்டுவிடலாம். தலைப்பிலே சாணி அப்பி வைத்தால் தடி காயாது. சில மாதங்களில் இலை பறிக்கலாம். அடிக்கடி நுனியைத் தறித்து, கைக்கு எட்டும் உயரத்திலேயே அதனை வைத்திருத்தல் நன்று. முருங்கைக் கொம்பு எளிதில் முறிவதாதலால் பிள்ளைகளை அதிலே ஏற விடலாகாது.