பஸ் நிறையப் பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு

நவக்கிரக ஸ்தலங்களைத் தரிசிக்க வேண்டுமென்று உறவும் அண்டை அயலுமாக நாற்பது பேர் சேர்ந்து, ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு கும்பகோணத்துக்குப் புறப்படுகிறவர்கள், எந்தக் கோயிலை முதலில் பார்ப்பது, எங்கே தீபம் ஏற்றுவது, இரவு எங்கே படுப்பது என்பதையெல்லாம் ஒரு மாதம் முன்னதாகவே கூடி உட்கார்ந்து தீர்மானித்துவிடுகிறார்கள், ஆனால் நடுப்பகலில் அந்த நாற்பது பேரும் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுவார்கள் என்ற கேள்வியை மட்டும், "போகிற வழியில் ஹோட்டலுக்கா பஞ்சம்?" என்று சொல்லித் தள்ளிவைத்துவிடுகிறார்கள். பஞ்சம் இல்லைதான். நாலு பேருக்கு அகப்படுகிற ஹோட்டல் நாற்பது பேருக்கு அகப்படாது என்பது, குழந்தைகள் சிணுங்கத் தொடங்கி, சர்க்கரை வியாதிக்காரரான மாமா முகம் வாடி உட்கார்ந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியவருகிறது.

இந்த யாத்திரையில் சிரமம் இரட்டிப்பாவதற்குக் கோயில்களின் நடைமுறையே காரணம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகிய ஐந்தும் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் பக்கத்தில் இருக்கின்றன. வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் ஆகியவை சீர்காழி, பூம்புகார்ப் பக்கம். திருநள்ளாறோ புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்காலில். இவற்றில் பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ஆகவே காலையிலிருந்து வெவ்வேறு திசைகளில் சுற்றிக்கொண்டிருந்த பஸ்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு இறங்குகின்றன. அந்த வேளையில் கீழப்பெரும்பள்ளத்தைப் போன்ற ஒரு சிறு கிராமத்தில் இருந்தால் பஸ் கூட்டத்துக்குச் சாப்பாடு கிடைப்பது அபூர்வம். சனிக்கிழமை திருநள்ளாற்றில் இருந்தாலோ, கடைகள் எத்தனை இருந்தாலும் கூட்டத்தின் முன் அவை போதா.

ஆள் அதிகமானால் விலை குறையும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நாற்பது பேரைக் கொண்டுவந்து விடுகிறோமே, தலைக்குப் பத்து ரூபாய் குறைக்கக்கூடாதா என்று வாசலில் நின்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை அடுப்படியில் நிற்கிறவரின் பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் காணும். நாற்பது பேர் என்றால் ஐந்து கிலோ. இந்த ஐந்து கிலோவை அவர் அன்றைய வழக்கமான வாடிக்கையாளருக்காக வடித்த சோற்றிலிருந்து எடுத்துப் போட்டால், தினம் வருகிற ஆபீஸ்காரரும் கடைச் சிப்பந்தியும் வாசலோடு திரும்ப வேண்டும்; புதிதாக உலை வைத்தாலோ, நாம் முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பத்து மேஜை உள்ள கடையில் பத்து மேஜையும் நம்மவர்களாலேயே நிரம்பிவிட, ஒருவர் பரோட்டா, ஒருவர் சாம்பார் சாதம், குழந்தைக்கு நெய் தோசை, பாட்டிக்கு வெறும் ரசம் சாதம் என்று நாற்பது வாய்க்கும் நாற்பது விருப்பமாகச் சொல்லத் தொடங்கினால், அந்தச் சமையலறை திணறிப்போவதில் ஆச்சரியம் என்ன? எதிர்பாராமல் வந்து நிற்கிற கூட்டம் ஹோட்டல்காரருக்குப் பாரம். அந்தப் பாரத்துக்கு விலை குறைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அதே நாற்பது பேரை அவர் முந்தின நாளே எதிர்பார்த்திருந்தால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. எத்தனை இலை, எத்தனை மணிக்கு, என்ன பதார்த்தம் என்பது தெரிந்தால் விடியற்காலையிலேயே காய்கறியை மொத்தமாக வாங்குகிறார், மிச்சம் விழாது, பரிமாற இரண்டு ஆளைக் கூடுதலாகச் சொல்லிவைக்கிறார். அப்போது கேட்டால் விலையையும் குறைப்பார், ஒரு பாயசத்தையும் சேர்ப்பார். நம் பக்கத்திலிருந்து அவர் கேட்பது மூன்றே: எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, கொஞ்சம் முன்பணம், சொன்ன நேரத்துக்கு வருகை. இந்த மூன்றாவதில்தான் நம் கூட்டங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. பன்னிரண்டு மணி என்று சொல்லிவிட்டு இரண்டரைக்குப் போய் இறங்கினால், ஆறிப்போன சாம்பாரைப் பற்றிக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. பதினொன்றரைக்கே முதல் பந்தியை உட்கார வைத்துவிடுவது மிகவும் விவேகமான காரியம். கடைசிக் கோயிலில் ஒரு பிரதட்சிணம் குறைந்தாலும் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்தக் கடையில் சொல்லிவைப்பது என்றால், என் அபிப்பிராயம் பெரிய பலகை மாட்டிய ஹோட்டலைவிட, ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸே மேல் என்பது. பஸ்கள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலை ஹோட்டல்களில் பலவற்றில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தச் செலவு நம் இலையில்தான் ஏறுகிறது. டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கும் நம்மோடு சேர்த்து இலை போட்டுவிட்டால் அவர் நாம் சொல்கிற இடத்தில் வண்டியை நிறுத்துவார். மெஸ்ஸும் சிறிதாக இருக்கிறதென்றால் இன்னொரு வழி உண்டு. கும்பகோணம், மாயவரம் போன்ற ஊர்களில் கல்யாண மண்டபங்களும் கல்யாணச் சமையல்காரர்களும் ஏராளம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும், சமையல்காரரும் கை ஓய்ந்து இருப்பார். அப்போது கேட்டால், நாற்பது இலைக்கு வேண்டியதைச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறிவிட்டும் போவார். வடநாட்டு யாத்திரைக்குக் கிளம்பும் தமிழ்க் கோஷ்டிகள் சமையல்காரரையும் பாத்திரங்களையும் கூடவே அழைத்துப் போவதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். முதல் நாள் காலைக்கும் மத்தியானத்துக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகும் புளியோதரைக்கு இணை எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோயில் அன்னதானம் இருக்கிறதே என்று கேட்பார்கள். தமிழக அரசு 2002-ல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டம் எத்தனையோ ஏழைகளின் வயிற்றை நிரப்புகிறது. ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் 2012 முதல் நாள் முழுவதும் சோறு போடுகிறார்கள். அங்கே நாற்பது பேர் ஒரு பொருட்டல்ல. ஆனால் சிறிய கோயில்களில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்தே சமைக்கிறார்கள். ஒரு பஸ் நிறைய ஜனங்கள் அந்த வரிசையில் போய் நின்றால், தினமும் அதை நம்பி வருகிற கிழவிக்கு டோக்கன் கிடைக்காது. பஸ் வாடகை கொடுக்கச் சக்தி உள்ளவர்கள் அங்கே உட்காருவது எனக்குச் சம்மதமில்லை. உட்கார்ந்தே தீர வேண்டுமென்றால் நன்கொடை உண்டியலில் அத்தனை இலைக்கும் பணம் போட்டுவிட்டு உட்காரட்டும்.

இதே தஞ்சைச் சீமையில் ராமேசுவர யாத்திரிகர்களுக்காக மராட்டிய அரசர்கள் சத்திரங்கள் வைத்து நடத்தினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தது. அவர் 1801-ல் தம் சத்திரங்களைப் பற்றி ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், வருகிற யாத்திரிகர் யாராயினும் அவருக்குச் சோறு உண்டு என்றும், வடித்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே கொடுக்கப்பட்டது என்றும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைத்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கூட்டமாகப் பிரயாணம் செய்கிறவன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதிருந்த அந்தக் காலம் போய்விட்டது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் போன்ற சில இடங்களில் அதன் மிச்சம் இருக்கிறது.

கடைசியில் பில் வரும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஹோட்டலில் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம், தலைக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேருக்கு 4,800, அதன்மேல் வரி 240. ஆனால் காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. சில பெரிய ஹோட்டல்களில் சேர்க்கும் சேவைக் கட்டணமோ, நாம் இஷ்டப்பட்டால் கொடுப்பது மட்டுமே. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் விதித்ததை டில்லி உயர்நீதிமன்றம் 2025-ல் உறுதிசெய்திருக்கிறது. பேசிய விலையில் வரி சேர்ந்ததா இல்லையா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. சாப்பிட்டு எழுந்த பிறகு கேட்டால் சண்டைதான்.

புறப்படும் அன்று காலையில் நாலு பேர் வராமல் போனால், உடனே கடைக்காரருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். அதற்குள் அரிசி உலையில் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னால், அந்த நாலு இலைக்கும் சேர்த்தே பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.